மயிற்பொறியைச் செய்து பார்த்தல்

சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறிக்கு இருவகை எதிரிகள் உண்டு. அதை விமானம் என்பவர்கள் ஒரு வகை. கவிஞனின் அதீதக் கற்பனை என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரின் குரலே இன்று ஓங்கி ஒலிக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து முறையேனும் யாராவது ஒருவர் எங்கள் கைப்பேசிகளுக்கு அந்தச் செய்தியை அனுப்பி வைக்கிறார்: ரைட் சகோதரர்கள் 1903-இல் பறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழன் வானூர்தி செய்துவிட்டான், சான்று சிந்தாமணி, நாமகள் இலம்பகம், படித்துப் பகிர்க. இரண்டாம் வகையினர் இப்படிச் செய்தி அனுப்புவதில்லை. அவர்கள் புன்னகைத்துக்கொள்கிறார்கள், அந்தப் புன்னகையும் பாட்டைப் படிக்காத புன்னகைதான்.

இரு சாராருக்கும் பதில் எழுதலாம் என்றுதான் முதலில் கூடினோம். நாங்கள் நால்வர். பேச்சு வளர்ந்து, மயிற்பொறியைப் பற்றி வாதிடுவதைவிட அதைச் செய்து பார்த்தால் என்ன என்ற இடத்துக்கு வந்து நின்றது. பறக்கும் பொறியை அல்ல. அது இறங்கும் காட்சியை, ஒரு பெட்டிக்குள், கைப்பிடியைத் திருப்பினால் அசையும் சிற்றுருவமாக. அந்தப் பெட்டி இப்போது எங்களில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மூன்றடி அகலம், மூன்றடி உயரம், இரண்டடி ஆழம். நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் பூங்காவும் குளமும் ஓடும் இரயிலும் அமைப்பார்களே, அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். விசயமோ கொலுவுக்குச் சற்றும் ஆகாதது: சுடுகாடு.

கதை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், அரசி விசயையின்மீது கொண்ட காதலால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்திலேயே தங்கிவிடுகிறான். விசயை தீக்கனவு காண்கிறாள். கனவின் பொருள் மன்னனுக்குப் புரிகிறது: தான் மாளப் போகிறோம், பிறக்கப்போகும் மகனாவது பிழைக்க வேண்டும். தச்சன் ஒருவனைக் கொண்டு மயில் வடிவில் ஒரு பொறி செய்விக்கிறான். ஏழு நாளில் அது முடிகிறது. அதில் அரசியை ஏற்றிப் பழக்குகிறான். விசையை வலப்புறம் திருகினால் மேகத்தைக் கிழித்து மேலேறும். இடப்புறம் திருகினால் இறங்கிக் கால்களைக் குவித்து அமரும். பின் கட்டியங்காரனின் படை அரண்மனையைச் சூழ்கிறது. நிறைசூலியான விசயை மயிலேறிப் போகிறாள். பகைவனின் வெற்றி முரசு அவள் காதில் விழுகிறது. கணவன் மாண்டான் என்று அறிந்து மயங்கிச் சாய்கிறாள். மயில் மெல்ல மெல்ல நகரத்துக்கு வெளியே சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான்.

இனி, விமானக் கட்சியினர் மேற்கோள் காட்டும் அதே பாட்டுக்கு வருவோம். அவர்கள் அதிலிருந்து பறத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு பொருட்பட்டியலை விட்டுவிடுகிறார்கள். திருத்தக்கதேவர் பொறி எதனால் ஆனது என்று சொல்லியிருக்கிறார்: துணிக் கிழி, பயின் என்ற பிசின், நூல், நல்ல அரக்கு, மெழுகு, இன்னும் தகுந்த பிறவும். இரும்பு இல்லை. சக்கரம் இல்லை. எஞ்சினை வைக்க வேண்டுமென்றால் அந்தப் 'பிறவும்' என்பதற்குள்தான் ஒளித்து வைக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் புத்தகத்தில் படிப்பதற்கும், நாளைக் காலை கடைக்குப் போய் வாங்குவதற்காகப் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. வாங்கப் போகிறவன் கண்ணுக்கு அது உடனே ஓர் ஒழுங்கோடு தெரிகிறது. துணி உடம்பு. நூல் கட்டு. பிசினும் அரக்கும் ஒட்டு. மெழுகு வடிவம். இது பொம்மை செய்கிறவனின் கைப்பை. சுவாமிமலையில் உலோகப் படிமம் வார்க்கும் ஸ்தபதிகள் இன்றைக்கும் தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்தே முதல் உருவத்தைப் பிடிக்கிறார்கள். தனி மெழுகு நம் ஊர் வெயிலில் தளரும். பிசின் கலந்தால் நிற்கும். மெழுகும் பிசினும் ஒரே பாட்டில் அருகருகே வருவதைத் தொழில் தெரிந்தவர்கள் யதேச்சை என்று சொல்லமாட்டார்கள். திருத்தக்கதேவர் ஒரு பட்டறைக்குள் நின்று பார்த்திருக்கிறார் என்றே நாங்கள் நம்புகிறோம். சமணத் துறவிக்குப் பொம்மைப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்டால், காமத்துப்பாலில் மட்டும் அவருக்கு என்ன வேலை இருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

அவர் என்ன செய்திருக்கிறார் என்பது மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பதினோராம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட போஜனின் பெயரில் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் என்ற சிற்பநூலில் எந்திரங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மரப்பறவை, பாதரசம், அதற்கடியில் நெருப்பு என்றெல்லாம் அதில் வருகிறது. ஆனால் செய்முறையை முழுதாகச் சொல்லவில்லை. அறியாமையால் அல்ல, இரகசியம் காக்கவே என்று நூலே சொல்லிவிடுகிறது. இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பவர் அல் ஜஸரி. 1206-இல் முடித்த தம் நூலில் அவர் ஒவ்வொரு பொறியையும் படம் வரைந்து, அளவு கொடுத்து, இன்னொரு தச்சன் செய்துவிடக்கூடிய அளவுக்கு விளக்கியிருக்கிறார். அவருடைய யானைக் கடிகாரத்தின் வயிற்றுக்குள் இருப்பது துளையிட்ட ஒரு கிண்ணம். அது நீரில் மிதந்து, நிறைந்து, அரைமணிக்கு ஒருமுறை மூழ்குகிறது. முல்லைப்பாட்டில் வரும் குறுநீர்க் கன்னலின் உறவினர்தான். கிண்ணம் மூழ்கியதும் மேலே பறவை சுழல்கிறது, பாம்பு குனிகிறது, பாகன் அடிக்கிறான். இந்த இருவருக்கும் நடுவே, காஷ்மீரத்துச் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் மயனின் மகள் சோமப்பிரபை தோழிக்குக் காட்டுவதற்காக ஒரு கூடை நிறையப் பொறிப்பாவைகளைக் கொண்டுவருகிறாள். ஒன்று வானில் போய் மாலை கொண்டுவரும், ஒன்று தண்ணீர் கொண்டுவரும், ஒன்று ஆடும், ஒன்று பேசும். சிற்றுருவங்களின் இலக்கியத்தில் எங்களுக்கு மிகப் பிடித்த கூடை அது.

போஜன் மறைக்கிறான், அல் ஜஸரி திறந்து காட்டுகிறார், சோமதேவர் செய்முறையில் தங்காமல் வியப்புக்குப் போய்விடுகிறார். திருத்தக்கதேவர் செய்வது வேறு. என்னென்ன பொருள்கள் என்று சொல்கிறார், எத்தனை நாள் என்று சொல்கிறார், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று சொல்கிறார். நடுவில் இருக்கும் இயக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறார். துணியும் மெழுகும் நூலும் நம் கையில் இருக்கின்றன, திருகும் விசையும் நம் கையில் இருக்கிறது, இடையில் ஓர் இருட்டு. நல்ல மாயப் புனைவு எழுதுகிறவர்கள் எல்லாரும் இன்றைக்கும் இப்படித்தான் எழுதுகிறார்கள். தொட்டுப் பார்க்கக்கூடிய இரண்டு முனைகளைக் கொடுத்துவிட்டு நடுவை நம்மிடம் விடுவது. அந்த இருட்டுக்குள் போய் ஒரு எஞ்சினை மாட்டிவிட்டு வருவதைத்தான் விமானக் கட்சியினர் பெருமை என்று நினைக்கிறார்கள்.

உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-இல். அப்போது உலகில் எஞ்சின் வைத்து மனிதனை ஏற்றிப் பறந்த விமானம் ஏதுமில்லை. அந்தப் பதிப்பை முதன்முதலில் கையில் எடுத்தவர்கள் மயிற்பொறியை மயிற்பொறியாகவே படித்திருக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு வேறொன்று இருக்கவில்லை. வைமானிக சாஸ்திரம் என்று ஒரு நூலைக் காட்டுவார்கள். 1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டில் உண்டானது, அதில் சொல்லப்பட்ட ஊர்திகள் பறக்கத் தகுதியற்றவை என்று முடிவுகட்டினார்கள். அந்த வரிசையில் சிந்தாமணியைக் கொண்டுபோய் நிறுத்துவது சிந்தாமணிக்குச் செய்யும் அவமரியாதை. பறக்கத் தகுதியற்றது என்ற தீர்ப்பை வாங்கிக்கொடுக்கவா ஒரு காப்பியம்? இது நிற்க.

பெட்டிக்கு வருவோம். எங்களில் ஒருவர் தச்சுவேலை அறிந்தவர். ஒருவர் கடிகாரம் பழுதுபார்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். மற்ற இருவர் படிக்க மட்டுமே தெரிந்தவர்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தான் மிகவும் தொல்லை கொடுத்தார்கள் என்று மற்ற இருவரும் சொல்வார்கள். முதல் நாள் போட்ட பட்டியலில் அசையும் உறுப்புகள் பதினொன்று இருந்தன. மயில், அதன் கழுத்து, தோகை, கொழுந்துவிடும் சிதை, நரி, கழுகு, பேய், மரக்கிளை, நிலா, நகர மதிலின் கொடி, முரசு. இவ்வளவும் அசைந்தால் அது சுடுகாடாக இராது, பொருட்காட்சியாக இருக்கும் என்று தச்சர் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் செய்ததெல்லாம் பட்டியலில் அடிப்பதுதான்.

எதை அடிப்பது என்பதற்குப் பாட்டே வழி சொல்லிற்று. இறங்கும் இடத்தைத் திருத்தக்கதேவர் வருணிக்கையில் முதுமரங்கள் நெருங்கி நிற்கின்றன, பிணங்கள் கிடக்கின்றன, கழுகுகள் உறங்குகின்றன. உறங்குகின்றன! அரசி ஒருத்தி வானிலிருந்து விழுகிறாள். அங்கே வாழும் பறவைகளுக்கு அது கண் திறந்து பார்க்கும் அளவுக்குக்கூடப் பெரிய செய்தி இல்லை. எங்கள் முதல் திட்டத்தில் கழுகு தலைதூக்கிப் பார்க்கும். செய்வதும் எளிது, ஒரு நெம்புகோல் போதும், பார்ப்பவர்களும் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கழுகை அசைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பெட்டியில் இப்போது ஏழு கழுகுகள் இருக்கின்றன, எதுவும் அசையாது. அவை அசையாததால்தான் மயில் அசைவது தெரிகிறது.

கழுகு போனதும் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சியவை மூன்று: மயிலின் ஏற்ற இறக்கம், மயிலின் கால்கள், முரசின் ஒரே ஓர் அடி.

மயில் ஒரு சாண் நீளம். உள்ளே மெல்லிய மூங்கில் பிளாச்சு, மேலே மெழுகும் குங்கிலியமும் ஊறிய மல்துணி, கட்டியதெல்லாம் நூல், ஒட்டியது அரக்கு. கூடியமட்டும் கவிஞரின் பட்டியலுக்குள்ளேயே நின்றோம். விசயை கட்டைவிரல் அளவு. அவளுக்கு முகம் வரையவில்லை. மயிலும் அரசியும் சேர்ந்து 120 கிராம். முதுகில் இரண்டு கருநிற நூல்கள். ஒரே நூலில் தொங்கவிட்டால் மயில் பம்பரமாகச் சுற்றும். நூல்கள் பெட்டியின் கூரையில் உள்ள கப்பிகளின்மீது ஏறிப் பக்கச் சுவருக்குள் இறங்கி ஒரு மர உருளையில் சுற்றிக்கொள்கின்றன. அந்த உருளையின் அச்சுதான் வெளியே கைப்பிடியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. உருளையின் மறுபாதியில், எதிர்த்திசையில் சுற்றிய வேறொரு நூலில், 80 கிராம் ஈயக்கட்டி ஒன்று தொங்குகிறது. மயில் ஏறினால் கட்டி இறங்கும். மயில் இறங்கினால் கட்டி ஏறும். மயிலின் பக்கம் எடை சற்றுக் கூடுதல் என்பதால் கையை விட்டால் மயில்தான் விழும்.

விழுவது எப்படி என்பதில்தான் ஒரு மாதம் போயிற்று. கவிஞர் மெல்ல மெல்ல என்கிறார். எடை வித்தியாசம் மட்டும் இருந்தால் மயில் முதலில் தயங்கி, பிறகு வேகம் பிடித்துத் தரையில் மோதும். இதற்கு வழி கண்டவர் கடிகாரக்காரர். மணியடிக்கும் சுவர்க்கடிகாரங்களின் உள்ளே சிறிய தகட்டு விசிறி ஒன்று இருக்கும். அது சுழன்று காற்றை அறைவதால்தான் மணி ஒரே சீராக அடிக்கிறது, இல்லாவிட்டால் பன்னிரண்டும் ஒரே மூச்சில் அடித்து முடிந்துவிடும். உருளையோடு சேர்ந்த ஒரு பெரிய சக்கரத்திலிருந்து நூல்வார் போட்டு, சிறிய அச்சொன்றில் அப்படி ஒரு விசிறியை அவர் ஓடவிட்டார். தகடு வேண்டாம், கெட்டி அட்டையே போதும் என்றார். மயில் விழ முயலும், விசிறி வேகமாகச் சுழலும், காற்று அதைத் தடுக்கும். மேலிருந்து தரைக்கு வரப் பதினொரு வினாடி. வானத்திலிருந்து மயங்கி விழுகிற ஒருத்தியைத் தாங்குவது ஓர் அட்டை விசிறி அறையும் காற்று என்பதில் எங்களுக்கு ஒரு திருப்தி உண்டு.

கால்கள் எந்தச் செலவும் வைக்கவில்லை. கீல் வைத்த கம்பிக் கால்கள். வானில் இருக்கையில் தம் எடையால் தொங்கும். தரை தொட்டதும் மடிந்து உடம்பின்கீழ்க் குவியும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எந்தச் சாவியும் இல்லாமல் ஆடுவதைப் போலத்தான் இதுவும்; புவியீர்ப்புதான் பணியாள். இறங்கியதும் கால் குவித்து அமரும் என்று பாட்டில் வரும் அந்தச் சிறு விவரத்தை அலங்காரம் என்றே முன்பு படித்திருந்தோம். செய்தபின் தெரிகிறது, கால் குவியாத பறவை இறங்கியதாகத் தெரியாது, விழுந்து நட்டுக்கொண்டதாகவே தெரியும். மயிலைப் பொம்மை என்று மறக்கவைப்பது பறத்தல் அல்ல, கடைசி அரை அங்குலத்தில் மடியும் அந்தக் கால்கள்.

முரசு கண்ணுக்குத் தெரியாது. பின்திரையில் நகர மதில் தீட்டப்பட்டிருக்கிறது, அதன் பின்னால் தோல் கட்டிய சிறு முரசு. மயில் உச்சியைத் தொடும் அதே கணத்தில் ஈயக்கட்டி அடியில் ஒரு நெம்புகோலை அழுத்தும். இழுத்துக் கட்டிய குறுந்தடி விடுபட்டு ஒருமுறை அடிக்கும். பெட்டி முழுதும் அதிரும்.

இதில் ஒரு முறைகேடு இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பெட்டியில் அரண்மனை இல்லை. மயில் தொடக்கத்திலேயே சுடுகாட்டில்தான் இருக்கிறது. பார்க்க வருகிறவர் கைப்பிடியை வலமாகத் திருகி, விழுந்து கிடக்கும் அரசியை வானுக்குத் தூக்குகிறார், முரசு அடிக்கிறது, அவள் மறுபடி விழுகிறாள். காப்பியத்தில் கதை இந்த வரிசையில் இல்லை என்று எங்களில் ஒருவர் கடைசிவரை எதிர்த்தார். காப்பியம் படிப்பவர் யாரும் முடிவு தெரியாமல் படிப்பதில்லை என்பது மற்றவர்களின் பதில். மயில் எங்கே இறங்கும் என்று தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் அதை ஏற்றுகிறோம். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய சண்டை கைப்பிடியைப் பற்றியது. இன்று இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சிறு மோட்டாரும் சில்லுப்பலகையும் வைக்கிறார்கள். விலை குறைவு, ஓசை இல்லை, ஆள் வந்து நின்றால் தானே தொடங்கும், நிலவொளி மங்கும், சிதை ஒளிரும். அப்படியே செய்யலாம் என்ற கருத்தும் எங்களிடையே வலுவாக இருந்தது. நாங்கள் கைப்பிடியில் நின்றதற்குப் பழமைப் பற்று காரணமல்ல. மோட்டார் வைத்தால் விசயையின் மயக்கம் ஒரு நிரலாகிவிடும். இத்தனை வினாடி ஏறு, முரசு, இத்தனை வினாடி இறங்கு. அங்கே யாரும் மயங்கவில்லை. நேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். கதையிலோ மயிலை மேலே வைத்திருப்பது ஒரு பெண்ணின் கை. அது தளர்ந்ததால் இறங்கியது. அந்தக் கை பெட்டிக்கு வெளியே, பார்ப்பவரின் கையாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

எங்கள் கைப்பிடியில் இறங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இடமாகத் திருகினால் மயில் ஒழுங்காக இறங்கும். அது சச்சந்தன் பழக்கிய முறை. கையை விட்டுவிட்டால் விசிறி சுழல அது தானாக இறங்கும். அது முரசு கேட்ட முறை. வந்து திருகியவர்களில் பெரும்பாலோர் முரசின் அதிர்வில் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கச் சொல்லி நாங்கள் சொல்வதில்லை. எடுத்த பிறகு, இறங்கிக்கொண்டிருக்கும் மயிலைப் பார்த்துக்கொண்டு, பிடிக்கலாமா கூடாதா என்று தயங்கும் ஒரு கணம் ஒவ்வொருவர் முகத்திலும் வருகிறது. காப்பியத்தைப் பற்றி நாங்கள் நிகழ்த்திய எந்தக் கூட்டத்திலும் அந்த முகத்தைக் கண்டதில்லை.

எங்களில் ஒருவரின் தங்கை மகள், ஏழு வயது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மயிலை ஏற்றினாள். முரசு அடித்ததும் திடுக்கிட்டாள், ஆனால் கையை எடுக்கவில்லை. "விட்டா என்ன ஆகும் மாமா?" என்று கேட்டாள். கீழே இறங்கும் என்றார் அவர். "அங்கயா?" என்றாள், கழுகுகளைப் பார்த்து. ஆமாம் என்றார். அவள் விடவில்லை. இடது கையை மாற்றினாள், பிறகு வலது கையை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கே இறங்கினால்தான் குழந்தை பிறக்கும், அந்தக் குழந்தைதான் கதை என்று மாமா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். வேறு இடத்தில் பிறக்கட்டும் என்றாள். இருபது நிமிடம் கழித்து அவளுடைய அம்மா வந்து, மெதுவாக இடப்பக்கம் திருப்பி இறக்கலாம், அப்படி இறக்கினால் அரசிக்கு வலிக்காது என்று சொன்னபின்புதான், இருவருமாக ஒரே கைப்பிடியைப் பிடித்து இறக்கினார்கள். கால்கள் குவிந்தன. பிறகு அவள் சாப்பிடப் போனாள்.

நூல் தெரிகிறதே என்று சிலர் கேட்டதுண்டு. தெரியட்டும். கருநூல்தான், உற்றுப் பார்த்தால் தெரியும். பாவைக்கூத்தில் நூல் தெரிவதால் எந்த ஊரில் யார் எழுந்து போனார்கள்? விமானச் செய்தியை எங்களுக்குத் தவறாமல் அனுப்பும் அன்பர் ஒருவரும் பெட்டியைப் பார்க்க வந்தார். நூலைப் பார்த்தார், விசிறியைக் கழற்றிக் காட்டச் சொன்னார், பயின் என்றால் என்ன பிசின் என்று கேட்டார், நாமகள் இலம்பகத்தை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு இருப்பது இலக்கியப் பற்றுதான். அதற்கு இவ்வளவு காலம் யாரும் சரியான பற்றுக்கோல் கொடுக்கவில்லை. அடுத்த மாதமும் செய்தி வந்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறோம்.

கைப்பிடி வைத்த பொருளுக்கு ஒரு தலையெழுத்து உண்டு, அது தேயும். திப்புவின் புலியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் மேல் புலி பாய்ந்திருக்கும் அந்த மரப்பொறி 1799-க்குப் பின் இலண்டனுக்குப் போய், கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் வைக்கப்பட்டது. கைப்பிடியைத் திருப்பினால் கீழே கிடப்பவனின் கை உயரும், ஓலமும் உறுமலும் எழும். வந்தவர் போனவரெல்லாம் திருப்பியதில் அங்கே நூலகத்தில் படிக்க உட்கார்ந்தவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1926 முதல் 1931 வரை கம்பியும் தக்கையும் துணியும் கொண்டு ஒரு சிறு சர்க்கஸ் செய்தார். ஐந்து பெட்டிகளில் அடைத்துத் தூக்கிக்கொண்டு போய், நண்பர்கள் நடுவே தரையில் மண்டியிட்டுத் தம் கையாலேயே ஒவ்வொரு பொம்மையாக இயக்குவார். சிங்கம் உறுமினால் உறுமுவது அவர்தான். அவர் 1976-இல் இறந்தார். சர்க்கஸ் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு உரியதாக இருக்கிறது, அசைவதில்லை. 1961-இல் எடுத்த ஒரு படத்தில் அசைகிறது.

இதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? தொட்டால் உதிரும் பொருளைத் தொடவிடாமல் வைப்பதுதான் அருங்காட்சியகத்தின் வேலை. ஆனாலும் ஸ்விட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரத்தில் ஜாக்கே துரோ குடும்பத்தார் 1770-களில் முடித்த மூன்று பொறிப்பாவைகளையும் இன்னும் குறித்த நாட்களில் இயக்கிக் காட்டுகிறார்கள். எழுதும் சிறுவன் தூவலை மையில் தோய்த்து உதறி எழுதுகிறான். இருநூற்றைம்பது ஆண்டு தேய்மானத்தை அவர்கள் அஞ்சாமல் இல்லை. அசையாத எழுத்தனைக் காட்டுவதைவிட மாதத்துக்குச் சில மணித்துளிகள் தேய்வது மேல் என்று முடிவுசெய்திருக்கிறார்கள். எங்கள் வாக்கும் அந்தப் பக்கமே. எங்கள் மயிலுக்கு அந்தப் பெருமையும் இல்லை, விலையும் இல்லை. ஆகவே எங்களுக்கு முடிவெடுப்பது எளிது.

கோடையில் மதியம் பன்னிரண்டிலிருந்து நான்குவரை பெட்டியின்மேல் ஈரத்துணி போர்த்துகிறோம், மெழுகுக்காக. உருளையில் அழுந்தும் இடத்தில் நூல் மூன்று மாதத்துக்குள் பிரிகிறது, மாற்றுகிறோம். முரசுத் தோல் மழைக்காலத்தில் தளர்ந்து குரல் மாறுகிறது, அப்போது சிலர் கையை எடுப்பதில்லை. போன வாரம் இடக்காலின் கீல் கழன்றது. அடுத்து பெருங்கதையின் எந்திர யானையைச் செய்யலாம் என்று ஒரு பேச்சு எழுந்திருக்கிறது; உதயணனைச் சிறைபிடிக்க வயிற்றுக்குள் வீரர்களை வைத்து அனுப்பிய யானை. அதற்குக் கைப்பிடி வெளியே இருக்க வேண்டுமா, உள்ளே இருக்க வேண்டுமா என்பதில் இப்போதே இருவர் பேசிக்கொள்வதில்லை.